ஒஸ்கார் வென்ற பூனையும் பிளெண்டரும்: நம் லப்டொப்பில் எவ்வளவு தூரம் போகலாம்?

2025 மார்ச் 3, இலங்கை நேரம் காலை 5.30க்குத் தொடங்கிய 97ஆவது ஒஸ்கார் விழாவில் சிறந்த அனிமேஷன் படமாக, வெள்ளத்தில் சிக்கிய ஒரு பூனையின் கதையான ‘ஃப்ளோ’ தெரிவானது. லாத்வியாவுக்கு அதுதான் முதல் ஒஸ்கார். போட்டியில் நின்ற ‘இன்சைட் அவுட் 2’ சுமார் 20 கோடி டொலரில் எடுத்த படம். ‘ஃப்ளோ’வுக்கு ஆனது சுமார் 35 இலட்சம் யூரோதான். படத்தைச் செய்த முப்பரிமாண அனிமேஷன் மென்பொருள் பிளெண்டர், அதற்கு ஒரு சதமும் கொடுக்கத் தேவையில்லை.

‘த வைல்ட் ரோபோ’வுக்குத்தான் விருது போயிருக்க வேண்டும் என்று சொல்பவர்கள் திருகோணமலையிலும் இருக்கிறார்கள். நல்ல படம்தான், ஆனால் நம் வாக்கு பூனைக்கே. மான்கூட்டம் தறிகெட்டு ஓடிவர, அதன் பின்னாலேயே வெள்ளம் பாயும் அந்தக் காட்சி ஒன்றே போதும். மகாவலி பெருகி மூதூர், கிண்ணியாப் பக்கம் வயலும் வீதியும் ஒன்றாகிப் போவதைக் கண்டவர்களுக்கு அந்தத் தண்ணீரில் பொய் தெரியாது. படம் முழுக்க ஒரு வசனம்கூட இல்லை. பயத்தையும் பொறாமையையும் மிருகங்களின் நடையும் சத்தமுமே சொல்லிவிடுகின்றன. கப்பிபாரா என்ற பெரிய கொறிவிலங்குக்குக் குரலாக வருவது ஒட்டகக் குட்டியின் சத்தம்.

அன்றே சிறந்த அனிமேஷன் குறும்படத்துக்கான விருது ஈரானின் ‘இன் த ஷேடோ ஒஃப் த சைப்ரஸ்’ படத்துக்குப் போனது. இதுவும் வசனமில்லாத படம், 20 நிமிடம், இருபரிமாண வரைபடம். போரின் காயம் மனதில் ஆறாத ஒரு முன்னாள் கப்பல் தலைவன், அவன் மகள், கரையொதுங்கிய திமிங்கிலம். அதை நம்மூரில் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கிடைத்த பேச்செல்லாம் பூனைக்குத்தான், குறும்படத்தைப் பற்றி எவரும் பேசக் காணோம். அது மனவருத்தம்தான்.

இனி மென்பொருளுக்கு வருவோம். ‘ஃப்ளோ’ இயக்குநர் கின்ட்ஸ் ஸில்பலோடிஸ் படத்தை ரெண்டர் செய்ய, அதாவது உருவாக்கிய காட்சியைக் கணினியால் படங்களாக்கி எடுக்க, எடுத்துக்கொண்டது ஈவீ என்ற, பிளெண்டருக்குள்ளேயே இருக்கும் வேகமான எஞ்சின். மற்றது சைக்கிள்ஸ். அது ஒளியை உள்ளபடி கணக்குப் போடும், அதனால் மெதுவானது. கணக்கைப் பாருங்கள். நொடிக்கு 24 பிரேம் (தனிப்படம்) என்றால் ஒரு நிமிடப் படத்துக்கு 1,440 பிரேம். ஈவீயில் பிரேமுக்கு 10 நொடி எடுத்தால் 4 மணித்தியாலத்தில் முடியும். சைக்கிள்ஸில் பிரேமுக்கு 5 நிமிடம் எடுத்தால் 120 மணித்தியாலம், அதாவது முழுசாக ஐந்து நாள். கச்சான் வீசும் மாதங்களில் நம்மூர் வெக்கையில் எந்த லப்டொப்பும் ஐந்து நாள் தொடர்ந்து நிற்காது. சூடேறியதும் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், 5 நிமிடம் 8 நிமிடமாகும். அடியில் காற்றோட்டம் இருக்கும்படி உயர்த்தி வைத்து, மின்விசிறியை நேரே திருப்பிவிட வேண்டும்.

மின்வெட்டு அடுத்த தொல்லை. நேரடியாக எம்பி4 ஆக ரெண்டர் கொடுத்து இடையில் மின் போனால் மொத்தக் கோப்பும் வீண். வெளியீட்டை பிஎன்ஜி படவரிசையாகக் கொடுங்கள். ‘ஓவர்ரைட்’ குறியை எடுத்துவிட்டு ‘பிளேஸ்ஹோல்டர்ஸ்’ குறியை இட்டால், மின் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஒன்றை மறக்கக் கூடாது: மின் போன கணத்தில் ஓடிக்கொண்டிருந்த பிரேம் 0 பைட் கோப்பாகக் கிடக்கும். அதை அழிக்காமல் தொடர்ந்தால் முடிந்துவிட்டதாக எண்ணித் தாண்டிப் போய்விடும், படத்தில் அந்த இடம் வெறுமையாக வெட்டும். எல்லாப் பிரேமும் வந்தபின் பிளெண்டரின் வீடியோ சீக்வென்சரிலேயே கோர்த்து, ஒலியைச் சேர்க்கலாம்.

கடல் செய்ய பிளெண்டரில் ஓஷன் மொடிஃபையர் என்ற அலை உருவாக்கும் கருவி இருக்கிறது, நன்றாகவே வேலை செய்கிறது. பலரும் இடறுவது இங்கே: ‘டைம்’ அளவுக்குத் தொடக்கத்திலும் முடிவிலும் கீஃபிரேம் (அந்தப் பிரேமில் அளவு எவ்வளவு என்று பதியும் குறி) வைக்காவிட்டால் அலை அசையவே அசையாது. காற்றின் வேகம் முதலில் பெரிதாகவே இருக்கும், உள்துறைமுகத்தின் அமைதியான நீர் வேண்டுமென்றால் 5 அளவுக்கு இறக்குங்கள். ரெசல்யூஷனைத் திரையில் 8, ரெண்டரில் 16 என்று வைத்தால் போதும். அதற்கு மேலே வெகுவாக ஏற்றினால் நினைவகம் தின்று கணினி உறையக்கூடும். உண்மையான திரவச் சிமுலேஷன் பக்கம் 8 ஜிபி ராம் உள்ள கணினியோடு போகவே வேண்டாம்.

ஈவீயின் பெரிய குறை பிரதிபலிப்பு. கமராவுக்குள் தெரிவதை மட்டுமே அது நீரில் காட்டும். திருகோணமலைச் சுவாமி மலையின் உச்சி சட்டகத்துக்கு வெளியே இருந்தால் தண்ணீரில் அதன் சாயல் பாதியில் அறுந்துவிடும். அசையாத நீருக்கு மட்டத்தில் ஒரு ரிஃப்ளெக்ஷன் பிளேன் (பிரதிபலிப்பைத் தனியே எடுக்கும் தளம்) வைத்தால் தீரும், அலையுள்ள நீருக்கு அது சரிவராது. அப்படிப்பட்ட ஷொட்டில் கமராக் கோணத்தை மாற்றுவதே புத்தி. ‘ஃப்ளோ’வில் மிருகங்களுக்கு இழை இழையாக மயிர் இல்லை, தூரிகைத் தடம்போல வண்ணம்தான். கணினியைக் காப்பாற்றிய அந்த முடிவே படத்துக்கு முகமும் தந்தது. திருகோணமலைக் கோட்டையடி மான்களை வைத்துப் படம் செய்ய நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

தமிழ் எழுத்தில் பிளெண்டர் நம்மைக் கைவிடுகிறது. 3.6, 4.2 பதிப்புகளில் டெக்ஸ்ட் ஒப்ஜெக்டில் ‘கோணேசர்’ என்று இட்டால் கொம்பும் காலும் சிதறி வரும். இவ்வளவு பெரிய மென்பொருளில் இது மன்னிக்க முடியாத குறை. மாற்றுவழி: இங்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருளில் தட்டச்சு செய்து, எழுத்தை வடிவக் கோடுகளாக்கும் ‘ஒப்ஜெக்ட் டு பாத்’ கொடுத்து, எஸ்விஜி ஆகச் சேமித்து, பிளெண்டருக்குள் இம்போர்ட் செய்யுங்கள். கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னதாக வந்து விழும். எல்லாவற்றையும் தெரிவுசெய்து பெருப்பித்தால் சரி. எழுத்துப்பிழை திருத்த வேண்டுமானால் மறுபடி இங்க்ஸ்கேப்புக்குத்தான் போக வேண்டும், ஆகவே பெயர்ப்பட்டியலை முதலிலேயே இருவர் வாசித்துச் சரிபார்ப்பது நல்லது.

எந்தப் பதிப்பு? 4.2 முதல் ஈவீயைப் புதிதாக எழுதியிருக்கிறார்கள், ஒளி நிழல் முன்னைவிட அழகு. ஆனால் அதற்கு ஓபன்ஜிஎல் 4.3 என்ற கிராஃபிக்ஸ் தரத்தைத் தாங்கும் கிராஃபிக்ஸ் வேண்டும். பாடசாலை ஆய்வுகூடத்துப் பழைய கணினிகளுக்கு 3.6 போதும். ஸிப் வடிவில் தரவிறக்கினால் நிறுவாமல் பென்டிரைவிலிருந்தே ஓடும். குழுவாகச் செய்பவர்கள் ஒரே பதிப்பில் நிற்க வேண்டும். 4.2இல் சேமித்ததை 3.6இல் திறந்தால் ஈவீ அமைப்புகள் சில காணாமல் போகும், பிறகு ஒவ்வொரு காட்சியாக ஒளியமைக்க நேரும்.