ஒன்றரைப் பாகத் தண்ணீருக்கு சிலிண்டர் எதற்கு?

பாம்பன், ராமேஸ்வரம் பக்கம் போகிறோம், சிலிண்டர் மாட்டி ஆழத்தில் இறங்கும் ஸ்கூபாவா, மாஸ்க்கும் மூச்சுக்குழாயுமாக மேலே மிதந்தபடி பார்க்கும் ஸ்நார்கலிங்கா என்று யாராவது கேட்டால் நான் ஸ்நார்கலிங் என்றுதான் சொல்வேன். இரண்டுக்கும் பணம் கட்டிப் பார்த்தாகிவிட்டது. ஸ்கூபாவுக்குச் செலவு அதிகம், சளி பிடித்திருந்தால் இறங்கக் கூடாது, காது அடைக்கும் என்பதெல்லாம் தெரிந்த கதை.

விஷயமே ஆழத்தில்தான் இருக்கிறது. கரையை ஒட்டிய பார்கள், அதாவது கடலடிப் பவளப் பாறைகள், பெரும்பாலும் ஒன்று, இரண்டு பாகத் தண்ணீரிலேயே கிடக்கின்றன (ஒரு பாகம் ஏறக்குறைய ஆறடி). ஓலைக்குடாவில் சும்மா மிதந்துகொண்டு முகத்தைக் கவிழ்த்தாலே போதும், கிளிமீன் பாறையைக் கொறிப்பது தெரியும். காது தண்ணீருக்குள் இருந்தால் அந்தக் கறுக்கு முறுக்கு சத்தமும் கேட்கும். பாசி எடுக்கும் பெண்கள் கண்ணாடியை மாட்டி, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சுப் பிடித்தே அந்த ஆழத்துக்கு இறங்கி ஏறுகிறார்கள்.

சிலிண்டரோடு போனால் ஆழம் குறைந்த இடம்தான் புதியவர்களைப் படுத்தும். முதல் 10 மீட்டருக்குள்ளேயே அழுத்தம் இரட்டிப்பாகிவிடுகிறது. அதனால் ஒரு முழம் மேலே வந்தால்கூட மிதப்பதற்காகப் போடும் ஜாக்கெட்டில் உள்ள காற்று விரிந்து ஆளைத் தூக்கும். பயந்துபோய்க் காற்றை விட்டால் தரை தட்டும். நான் தட்டினேன். கிளம்பிய சேற்றில் பயிற்சியாளரின் காலில் மாட்டியிருந்த மஞ்சள் ஃபின்ஸைத் (துடுப்பு) தவிர வேறெதுவும் தெரியவில்லை.

அது மார்கழி வேறு. வாடைக் காற்றில் வடகடல் (பாக் நீரிணைப் பக்கம்) கலங்கும். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும்போது தென்கடலின் (மன்னார் வளைகுடா) முறை. பதிவு செய்த ஸ்கூபா அந்த நாளோடும் அந்த இடத்தோடும் கட்டிப்போட்டுவிடுகிறது. மாஸ்க்கும் குழாயும் பையில் இருந்தால், ஒரு பக்கம் கலங்கலாக இருக்கிறது என்று எதிர்ப்பக்கத்துக்கு ஆட்டோ பிடிக்கலாம், இல்லையென்றால் டீ குடித்துவிட்டுத் திரும்பலாம். ஆனால் தென்கடலில் உள்ள 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. இறங்கும் முன் அனுமதி உள்ள இடமா என்று விசாரித்துவிடுங்கள். பவளமோ கடல் அட்டையோ கையில் எடுக்கவே கூடாது.

ஸ்கூபாவைக் குறை சொல்ல எனக்கு அவ்வளவு அனுபவம் கிடையாது. ஒரே ஒரு முறைதான், அதுவும் பயிற்சியாளர் கையைப் பிடித்துக்கொண்டு. ஒரு மீனுக்கு எதிரே அசையாமல் பத்து நிமிடம் இருக்க அதுதான் வழி. அந்தமான் போகும் யோசனை இருந்தால் கற்றுக்கொள்ளலாம்.

ஸ்நார்கலிங்கில் நான் பட்டது முதுகில். பனியனோடு ஒரு மணி நேரம் மிதந்ததில் பின்கழுத்தும் கெண்டைக்காலும் வெந்துபோயின. முழுக்கைச் சட்டையும் காலை மூடும் பேண்டும் போட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் பராமரிப்பு. ஆசைப்பட்டு சொந்தமாக ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் கருவி) வாங்கிய நண்பன் ஒவ்வொரு முறையும் அதை ஒரு வாளி நல்ல தண்ணீரில் ஊறப்போட வேண்டியிருக்கிறது. குடக்கணக்கில் தண்ணீரை விலைக்கு வாங்கும் வீட்டில் அவன் அம்மா அதைப் பார்க்கும் பார்வை இருக்கிறதே! என் மாஸ்க்குக்கு ரெண்டு சொம்பு போதும்.