பூதமும் குரங்கும் ஒன்றல்ல: ஒரு சொலவடைத் தொகுப்பைப் பற்றி

சென்ற மாதம் சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அண்ணன் திருகைச் சற்று இறுக்கப் போனார். குழாயே கையோடு வந்துவிட்டது. பீய்ச்சியடித்த நீர் எதிர்ச் சுவர்வரை நனைத்தது. வாசற்படியில் நின்று பார்த்த அம்மா, “கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாக அல்லவா இருக்கிறது!” என்றார். உள்ளங்கையால் குழாய் வாயைப் பொத்தியபடியே அண்ணன் சிரித்துவிட்டார். வசவு விழவேண்டிய இடத்தில் ஒரு சொலவடை விழுந்தது, வீடு அமைதியாயிற்று.

அன்றிரவே இந்தத் தொகுப்பைப் புரட்டினேன். கைதவறி, கால்தவறி, வாய்தவறி நடப்பவற்றைச் சொல்லும் பழமொழிகளை மட்டும் திரட்டிய சிறு நூல். சட்டைப்பையில் அடங்குகிறது, எழுத்து பெரியது, தாள் கெட்டியானது. அம்மா கண்ணாடி இல்லாமலே படிக்கிறார்.

திரட்டியவரின் உழைப்பு பெரிது. குறை பொருள் விளக்கத்தில்தான். பூதத்துக்கு “எண்ணியதற்கு மாறாக நடத்தல்” என்று ஒரு வரி. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்ததற்கும் அதே வரி. வெண்ணெய் திரண்டுவரும்போது தாழி உடைந்ததற்கும் அதே! மூன்றும் வேறு வேறு விபத்துகள் ஐயா. பிள்ளையார் குரங்கானால் பிடித்த கைக்குப் பழக்கம் போதவில்லை என்று பொருள். பூதம் வந்தால் வெட்டியவன்மேல் பிழையில்லை, அது முன்பே உள்ளே கிடந்தது. எங்கள் குழாய்க்குள் துரு எத்தனை நாளாக இருந்ததோ! தாழி உடைவதோ எல்லாம் கைகூடிய கடைசி நொடியில். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வது இன்னொரு வகை, அது வலியப் போய் வாங்கியது. யாருடைய தவறு, எந்தக் கட்டத்தில் என்பதை இவ்வளவு நுட்பமாகப் பிரித்துவைத்த சொற்களை ஒரே மூட்டையாகக் கட்டலாமா?

இன்னொன்றும் உறுத்துகிறது. ‘கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம்’ என்பதற்குக் கல்லில் வடித்த நாய்ச் சிலை என்று தத்துவம் சொல்லி அரைப் பக்கம் எழுதியிருக்கிறார்கள். குரைத்துக்கொண்டு வரும் நாய்முன் வெறுங்கையோடு நின்றவருக்கு இதன் பொருள் விளங்கும். அந்தச் சிரிப்பைத் துடைத்துவிட்டு உபதேசம் வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

வரிசையும் அகரவரிசை. விபத்து நடந்த கையோடு தேடுபவருக்கு முதலெழுத்து எப்படித் தெரியும்? நடந்தது என்ன என்பதுதானே தெரியும்! ஹெர்மன் ஜென்சன் 1897-இல் வெளியிட்ட தமிழ்ப் பழமொழித் தொகுப்பு பொருள்வாரியாகவே பகுக்கப்பட்டது. அந்த வழி இதற்கும் பொருந்தியிருக்கும்.

ஆனாலும் வாங்குங்கள் என்றே சொல்வேன். ‘நுணலும் தன் வாயால் கெடும்’ என்ற பதிவு ஒன்றுக்காகவே வாங்கலாம். மணலுக்குள் மறைந்து கிடக்கும் தவளை, கத்தித் தன்னைக் காட்டிக்கொடுத்து மாட்டிக்கொள்கிறது. பழமொழி நானூற்றிலேயே இது இருப்பதைக் காட்டி, செய்யுளையும் முழுதாகத் தந்திருக்கிறார்கள். உளறிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்பவர்கள் அன்றும் இருந்தார்கள் என்று அறியும்போது எவ்வளவு ஆறுதல்!

நூலின் இறுதியில் நான்கு வெற்றுத் தாள்கள் விட்டிருக்கிறார்கள். விடுபட்டவற்றை அம்மா சொல்லச் சொல்ல அதில் எழுதிவருகிறேன். நேற்று பரணிலிருந்து உருண்ட பித்தளைக் குடம் அண்ணனின் தோளுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. குடத்தின் விளிம்பு நசுங்கியது, அவருக்கு ஒன்றுமில்லை. ‘தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று’ என்று இரண்டாம் தாளில் எழுதிக்கொண்டேன்.