பெப்பர் ஸ்பிரேயா, கைத்தடியா?

ஓசூர் சிப்காட்டில் இரவு ஷிப்ட் முடித்து வரும் தங்கைக்கும், விடியலில் பாலக்கோடு பக்கம் பால் ஊற்றப் போகும் முட்டிவலி அத்தைக்கும் ஒரே கேள்வி: யாராவது தாக்க வந்து, ஓட முடியாவிட்டால்?

செலவு: ஸ்பிரே சில நூறு ரூபாய். மூங்கில் தடி வீட்டிலேயே கிடக்கும்.

ஆயுள்: ஸ்பிரேக்குக் காலாவதித் தேதி உண்டு. தடிக்கு எண்ணெய் தடவினால் போதும்.

கையாளல்: ஸ்பிரே சில அடி தூரத்திலேயே ஆளை நிறுத்தும். ஆனால் எதிர்க்காற்றில் நம் கண்ணே எரியும். பஸ்ஸுக்குள் அடித்தால் எல்லோரும் இருமுவார்கள். தடியைச் சுழற்ற இடம் வேண்டும், பிடுங்கிக்கொண்டால் போச்சு. நுனியால் குத்தித் தள்ளுவதே மேல்.

சட்டம்: பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 34 முதல் 44 வரையான பிரிவுகள் தற்காப்புக்கு இடம் தருகின்றன, தேவைக்கு மேல் தாக்க அல்ல.

அத்தைக்குத் தடிதான், தெருநாய்க்கும் ஆகும். தங்கைக்கு ஸ்பிரே, பைக்குள் அல்ல, கையில். அப்புறம் இருவர் போனிலும் அவசர உதவி எண் 112.