புரட்டாசிக்குத் தெம்பேயா, சைவ மட்டனா?

புரட்டாசி பிறந்தால் மலேசியாவின் பந்திங் டவுனில் சைவச் சாமான் விற்கும் கடைகளின் ஃப்ரீசரைச் சுற்றிக் கூட்டம்தான். சைவ மட்டன், சைவ மீன், சைவக் கோழி. அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்தில் இதெல்லாம் ஏது? பக்கத்து ஜாவாக்காரர் கம்பத்திலிருந்து (கிராமத்திலிருந்து) வாழையிலையில் மடித்து வரும், சோயாவைப் புளிக்கவைத்த தெம்பேதான் விரத மாதத்தின் கறி. எங்கள் வீட்டில் இப்போதும் அதே சண்டை: தம்பிக்கு சைவ மட்டன், அம்மாவுக்குத் தெம்பே.

நான் அம்மா கட்சி. சைவ மட்டன் பாக்கெட்டைத் திருப்பிப் படித்தால் பலவற்றில் சோயாவோடு கோதுமைப் புரதம், எண்ணெய், உப்பு, வாசனைப்பொருள் எல்லாம் இருக்கும். தெம்பேயில் இருப்பது அவித்த சோயா பயறும் அதைப் பின்னிப் பிடிக்கும் பூஞ்சையும்தான். 100 கிராமில் ஏறக்குறைய 19 கிராம் புரதம். பயறை அரைத்து வடிகட்டாததால் நார்ச்சத்தில் பெரும்பகுதி தங்கிவிடும். இரும்பை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும் ஃபைடேட் என்ற பொருள் புளிக்கும்போது குறைவதால் இரும்புச்சத்தும் உடம்பில் கொஞ்சம் நன்றாகவே சேரும். ஆனால் வைட்டமின் பி12 தெம்பேயில் கிடைக்கும் என்று நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். அப்புறம், சட்டி நிறைய எண்ணெயில் பொரித்தால் அது ஸ்பாஞ்சு மாதிரி குடித்துவிடும். அம்மா மஞ்சளும் உப்பும் தடவி, கொஞ்சம் எண்ணெயில் புரட்டி, பயத்தங்காயோடு சம்பல் வைப்பார். சோறு தானாக இறங்கும்.

தம்பியைச் சமாதானப்படுத்த நடுவில் ஒன்று உண்டு: காய்ந்த சோயா உருண்டை. எண்ணெய் எடுத்த சோயா மாவில் செய்வது. 100 கிராமில் பாதி புரதம் என்பது உண்மைதான், ஆனால் அது காய்ந்த எடைக்கு. ஒரு ஆளுக்கு 30 கிராம் ஊறவைத்தாலே தட்டு நிறைந்துவிடும். கிடைப்பது 15 கிராம் புரதம். மட்டன் மசாலாவில் போட்டால் தம்பிக்கு வித்தியாசம் தெரிவதில்லை.

தவுஹு, அதாவது டோஃபு? வடிகட்டிய சோயா பாலில் செய்வதால் நார் போய்விடும். கால்சியம் சல்பேட் போட்டு உறையவைத்ததாக இருந்தால், கால்சியத்தில் மாட்டுப்பாலுக்குச் சளைக்காது. பல் போன தாத்தாக்களுக்கு இதுதான் சௌகரியம். விரதக்காரர்கள் ஒன்றை மட்டும் கவனியுங்கள்: குழாய் மாதிரி பிளாஸ்டிக்கில் வரும் மஞ்சள் தவுஹுவில் முட்டை இருக்கும். போன வருஷம் எங்கள் வீட்டில் சாம்பாருக்குள் போன பிறகுதான் தெரிந்தது.

சோயா சாப்பிட்டால் ஆண்களுக்குப் பெண்தன்மை வரும் என்ற கதையை விடுங்கள். வழக்கமான அளவில் டெஸ்டோஸ்டிரோன் மாறுவதில்லை என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. கெட்ட கொலஸ்டிராலைக் குறைக்கும் என்பது சரி, ஆனால் சில சதவீதம்தான்; மாத்திரையை நிறுத்தும் அளவுக்கு இல்லை. தைராய்டு மாத்திரை போடுகிறவர்கள் அதை விழுங்கிய கையோடு சோயா பால் குடிக்க வேண்டாம். மருந்து உடம்பில் சரியாகச் சேராது, சில மணி நேரம் விடுங்கள்.

பசார் மாலாம் (இரவுச் சந்தை) சோயா பால் விஷயத்துக்கு வருவோம். சீனி போடாத ஒரு கப்பில் 7 கிராம் புரதம் கிடைக்கும். ஆனால் அங்கே பெரும்பாலும் பானையிலேயே சீனியைக் கரைத்துவிடுகிறார்கள். இனிப்பு நீர் உள்ள அப்பாவுக்கு நான் வாங்கிக் கொடுப்பது பக்கத்துக் கடை தௌஃபூஃபா, பாகு ஊற்றிச் சாப்பிடும் மெத்தென்ற தவுஹு. அதில் பாகைக் கண்ணெதிரே ஊற்றுவார்கள். “பாகு அரைக் கரண்டி போதும்” என்று சொல்லலாம். அப்பா மட்டும் என் முதுகுக்குப் பின்னால் கடைக்காரருக்குக் கை காட்டுவார், இன்னும் கொஞ்சம் என்று.