இராமலிங்க விலாசம்: ராஜா இல்லாத அரண்மனை

ராமநாதபுரம் வந்தால் இராமலிங்க விலாசத்தைத் தவறவிடாதீர்கள். ராமநாதபுரத்தை ஆண்ட மன்னர் கிழவன் சேதுபதி கட்டியது. எங்கள் கீழக்கரை வள்ளல் சீதக்காதிக்கு நெருங்கியவர் அவர். சுவரெல்லாம் ஓவியம். தஞ்சை மராட்டியரோடு நடந்த போர்க் காட்சி முன்னால் நிதானமாக நில்லுங்கள். வீரர்களின் உடை, கையிலுள்ள ஆயுதம் வரை பார்த்துப் பார்த்துத் தீட்டியிருக்கிறார்கள்.

லண்டனில் வேலை பார்க்கும் மகனோடு போனேன். அங்கே அரச குடும்பத்துக்கு 2024-25ல் அரசு மானியம் 8.63 கோடி பவுண்ட். பாதுகாப்புச் செலவு தனி. "அங்கே ராஜா இருக்கிறதாலதான் வாப்பா, அரண்மனையைப் பார்க்கக் கூட்டம் வருது" என்றான். நான் ஒத்துக்கொள்ளவில்லை. இங்கே 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டத்தோடு ஜமீன் போனது. 1971ல் நாடு முழுக்க முன்னாள் மன்னர்களுக்கு அரசு கொடுத்துவந்த மானியமும் நின்றது. ஓவியம் எங்கும் போய்விடவில்லையே! செலவழிப்பதானால் இந்தச் சுவர்களுக்குச் செலவழிக்கட்டும். பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள்.