சீனித் தண்ணியா, எச்பிஏ1சியா, வெறும் வயிற்று ரத்தமா: யாருக்கு எந்தச் சோதனை?

சுங்கை சிப்புட் போன்ற ஒரு தோட்டப்புறப் பட்டணத்தில் இனிப்பு நீரை, அதாவது நீரிழிவு நோயை, கண்டுபிடிக்க நான்கு வழிகள் உண்டு. விரலில் குத்திச் சர்க்கரை மானியில் பார்ப்பது ஒன்று. வெறும் வயிற்றில் கை நரம்பிலிருந்து ரத்தம் எடுப்பது இன்னொன்று. மூன்றாவது எச்பிஏ1சி, கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் ரத்தச் சோதனை. நான்காவது, பேரைக் கேட்டாலே பலரும் முகம் சுளிக்கிற சீனித் தண்ணி. கிளினிக்கில் மிசிமார் (தாதியர்) இதை எம்ஜிடிடி என்பார்கள், சில தாள்களில் ஓஜிடிடி என்றிருக்கும். இரண்டும் ஒன்றுதான்: குளுக்கோஸ் தாங்குதிறன் சோதனை.

ஒரு சொட்டு ரத்தத்தில் தெரிவதற்கு எதற்காக அரை நாள் சம்பளத்தை விட்டு உட்கார வேண்டும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் இந்த நான்கும் ஒரே விஷயத்தைப் பார்ப்பதில்லை. அதனால்தான் ஒருவருக்கு டாக்டர் ஒரு சொட்டோடு விடுகிறார், பக்கத்து வீட்டுக்காரருக்கு இரண்டு மணி நேரக் காத்திருப்பை எழுதுகிறார்.

சோதனையே வேண்டாம் என்று ஒதுங்கவும் முடியாது. 2019-இல் நடந்த தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4 விழுக்காடு.

வெறும் வயிற்று ரத்தம் காட்டுவது, நீங்கள் தூங்கும்போது கல்லீரல் எவ்வளவு சர்க்கரையை ரத்தத்தில் விடுகிறது, அதை இன்சுலின் அடக்கி வைக்கிறதா என்பதை. லிட்டருக்கு 7.0 மில்லிமோலும் அதற்கு மேலும் என்றால் இனிப்பு நீர். 6.1 முதல் 6.9 வரை நடுக்கட்டம். எளிமையான, நம்பகமான சோதனை இது. ஆனால் ஒரு ஓட்டை இருக்கிறது. பலருக்கு முதலில் கெடுவது சாப்பாட்டுக்குப் பிந்திய கட்டுப்பாடு. காலையில் 5.8 இருக்கும், ஒரு ரொட்டி சானாயும் ஒரு தே தாரேக்கும் உள்ளே போனால் 12-ஐத் தொடும். வெறும் வயிற்று ரத்தத்தை மட்டும் பார்த்தால் இவர்கள் தேறிவிடுவார்கள்.

சீனித் தண்ணி பிடிப்பது இவர்களைத்தான். லோரியை நிறுத்தி வைத்து எஞ்சினைப் பார்ப்பது வேறு, செம்பனைக் குலையை ஏற்றி மேட்டில் விட்டுப் பார்ப்பது வேறு. 75 கிராம் குளுக்கோஸ் என்ற சுமையை ஏற்றி, இரண்டு மணி நேரத்தில் உடம்பு எவ்வளவைக் கரைத்தது என்று பார்க்கிறார்கள். 7.8-க்குக் கீழே இருந்தால் சரி. 7.8 முதல் 11.0 வரை தாங்குதிறன் குறைவு. 11.1-ஐத் தொட்டால் இனிப்பு நீர்.

எச்பிஏ1சி சுமையும் ஏற்றாது, பட்டினியும் போடாது. ரத்தச் சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழ்கிறது. அந்தக் காலம் முழுக்க அதன் ஹீமோகுளோபினில் சர்க்கரை ஒட்டிக்கொண்டே போகும். எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று அளந்தால் கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி தெரிந்துவிடும். நேற்று இரவு சாப்பிட்ட லட்டு இதை அசைக்காது, மூன்று நாள் மட்டும் வாயைக் கட்டிவிட்டு வருகிறவரின் தந்திரமும் பலிக்காது. மலேசிய வழிகாட்டியில் 6.3 விழுக்காடும் அதற்கு மேலும் இனிப்பு நீர், 5.7 முதல் 6.2 வரை முன்நிலை. வெளிநாட்டுப் பக்கங்களில் 6.5 என்று படித்துவிட்டு 6.4-க்கு நிம்மதி அடைய வேண்டாம், இங்கே எல்லை வேறு.

இவ்வளவு வசதியான சோதனை இருக்கும்போது மற்றவை எதற்கு என்றால், எச்பிஏ1சி முழுக்க முழுக்கச் சிவப்பணுவை நம்பி நிற்கிறது. இரும்புச்சத்துக் குறைவால் வந்த ரத்தசோகை அளவை உள்ளதைவிட உயர்த்திக் காட்டலாம். அண்மையில் ரத்தம் போயிருந்தாலோ, சிவப்பணு சீக்கிரம் உடைகிற நோய் இருந்தாலோ குறைத்துக் காட்டும். தலசீமியா, ஹீமோகுளோபின் ஈ போன்ற பிறவி ரத்தக் கோளாறுகள் இருந்தால் கணக்கே குழம்பும். கர்ப்பத்திலும் பழைய சிவப்பணு போய்ப் புதியது வரும் வேகம் மாறிவிடுகிறது, அதனால் கர்ப்பகால இனிப்பு நீரைக் கண்டுபிடிக்க இதை நம்புவதில்லை. உங்களுக்கு ரத்தசோகையோ தலசீமியாவோ இருப்பது தெரிந்தால், டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

விரல் குத்து மானி மலிவு, வேகம், வீட்டிலேயே பார்க்கலாம். ஆனால் அது நோயைக் கண்காணிக்கச் செய்த கருவி, தீர்ப்புச் சொல்லச் செய்ததல்ல. அனைத்துலகத் தரப்படி மானி 15 விழுக்காடு வரை ஏறி இறங்கலாம். உண்மையில் 7.8 இருக்கும் ரத்தத்தை அது 6.6 என்றும் காட்டும், 9.0 என்றும் காட்டும். ரம்புத்தான் உரித்த கையைக் கழுவாமல் குத்தினால் இன்னும் ஏறும். மானியில் செருகும் சோதனைப் பட்டைகளின் டப்பா மூடி திறந்தே கிடந்தால், நம் ஊர்ப் புழுக்கத்தில் பட்டை கெட்டுப்போகும். கோவில் மண்டபத்திலோ மருத்துவ முகாமிலோ மானி கூடுதலாகக் காட்டினால் பதறவும் வேண்டாம், ஒதுக்கவும் வேண்டாம். கிளினிக்கில் நரம்பு ரத்தம் கொடுத்து உறுதி செய்யுங்கள். தாகம், அடிக்கடி சிறுநீர், காரணமில்லாத மெலிவு என்று அறிகுறி இருந்தால் ஒரு முறை மீறிய அளவே போதும். அறிகுறி எதுவும் இல்லையென்றால் இன்னொரு நாள் மறுபடி பார்த்துத்தான் முடிவு சொல்வார்கள்.

ஆக, அறிகுறி இல்லாத சாதாரண ஆண்களுக்கும் கர்ப்பமில்லாத பெண்களுக்கும் எங்கள் சிபாரிசு எச்பிஏ1சியும் வெறும் வயிற்று ரத்தமும்தான். குடிமக்களுக்கு அரசாங்கக் கிளினிக்கில் வெளிநோயாளிக் கட்டணம் ஒரு ரிங்கிட். இரண்டில் ஒன்று நடுக்கட்டத்தில் நின்றாலோ, இரண்டும் ஒன்றுக்கொன்று முரண்பட்டாலோ சீனித் தண்ணிக்குப் போங்கள். வெறும் வயிற்றிலேயே 7-ஐத் தாண்டி உறுதியாகிவிட்டவருக்கு மேலும் 75 கிராம் ஊற்றிப் பார்க்கத் தேவையில்லை.

கர்ப்பிணிகளுக்கு இந்தத் தேர்வு கிடையாது. அங்கே சீனித் தண்ணிதான்.

நச்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் தாயின் உடம்பில் இன்சுலினை மந்தமாக்குகின்றன. கர்ப்பத்தின் பிற்பாதியில் இது வேகமாக ஏறும். அதனால்தான் 24 முதல் 28 வாரத்துக்குள் சோதனை. தாயின் சர்க்கரை நச்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும், தாயின் இன்சுலின் போகாது. குழந்தை தன் இன்சுலினைத் தானே கூட்டிச் சுரக்கிறது, கொழுக்கிறது. பிரசவத்தில் தோள் சிக்கலாம். பிறந்தபின் தாயிடமிருந்து வந்த சர்க்கரை நின்றுவிட, சுரந்த இன்சுலின் மட்டும் மிஞ்சி, குழந்தையின் ரத்தச் சர்க்கரை திடீரென்று சரியும்.

மலேசியாவில் 25 வயதும் அதற்கு மேலும் என்றால், வேறு காரணம் இல்லாவிட்டாலும் சோதனை உண்டு. உடல் நிறைக் குறியீடு 27-க்கு மேல், அம்மா, அப்பா, கூடப்பிறந்தவர்களில் யாருக்காவது இனிப்பு நீர், முந்திய குழந்தை 4 கிலோவுக்கு மேல், முந்திய கர்ப்பத்தில் இனிப்பு நீர் என்று ஏதாவது இருந்தால் முதல் பதிவின்போதே ஒரு முறை, அது சரியாக இருந்தாலும் 24 வாரத்துக்குப் பிறகு இன்னொரு முறை. ஏற்கெனவே ஒரு தடவை குடித்தாயிற்றே என்று மிசியிடம் வாதாடுவதில் பயனில்லை. கர்ப்பிணிக்கு எல்லையும் இறுக்கம்: வெறும் வயிற்றில் 5.1, இரண்டு மணி நேரத்தில் 7.8. இரண்டில் ஒன்றைத் தொட்டாலே கர்ப்பகால இனிப்பு நீர்.

இதில்தான் தமிழ்நாட்டு வீடியோக்கள் குழப்பம் செய்கின்றன. 140-க்குக் கீழே இருந்தால் போதும் என்பார்கள். அது வேறு அலகு, 18-ஆல் வகுத்தால் நம்முடைய 7.8. பட்டினியே வேண்டாம் என்றும் சொல்வார்கள். இந்தியாவில் கர்ப்பிணிகளுக்குச் சாப்பிட்டிருந்தாலும் 75 கிராம் கொடுத்து இரண்டு மணி நேரத்தில் ஒரே ஒரு முறை பார்க்கும் முறை உண்மையிலேயே உண்டு. தூரத்திலிருந்து பஸ் ஏறி வருகிறவர்களைத் திருப்பி அனுப்பாமல் இருக்க அது நல்ல ஏற்பாடு. அமெரிக்காவில் பல இடங்களில் 50 கிராமில் தொடங்கி, கூடினால் 100 கிராம் கொடுத்து மூன்று மணி நேரம் உட்கார வைப்பார்கள். நம் ஊர் முறைக்கு வெறும் வயிற்று ரத்தமும் தேவை. சாப்பிட்டுவிட்டுப் போனால் நாள் வீண்.

வீணாகாமல் இருக்க வேறு சிலவும் உண்டு. முந்திய மூன்று நாளும் வழக்கம்போலச் சோறு சாப்பிடுங்கள். பயந்துபோய்ச் சோற்றை நிறுத்திவிட்டு வந்தால், உடம்பு திடீர்ச் சர்க்கரைக்குத் தயாராக இல்லாமல் அளவு பொய்யாக ஏறும். பலர் நல்லது என்று நினைத்துச் செய்வது இதுதான். இரவு பத்து மணிக்குள் சாப்பாட்டை முடித்துவிட்டால் காலையில் பத்து மணி நேரமாவது ஆகியிருக்கும், 8-க்குக் குறையவும் 14-ஐத் தாண்டவும் கூடாது. வெறும் தண்ணீர் குடிக்கலாம். சீனி போடாத தே ஓ-வும் கூடாது, வெற்றிலையும் சிகரெட்டும் கூடாது. பெரட்டுக்கு (தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போய்க் கையெழுத்துப் போட்டு, நாலு நிரை ரப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டு வருவது ஆகாது. தசை உழைத்தால் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். ஆலையில் இரவு ஷிப்ட் முடித்து நேராக வருவதும் ஆகாது, தூக்கம் கெட்ட உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாது. ஓய்வு நாளைக் கேட்டு வாங்குங்கள். ஆஸ்துமாவுக்கோ தோலுக்கோ ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

முதல் ரத்தம் எடுத்தபின் 250 முதல் 300 மில்லிலிட்டர் தண்ணீரில் கரைத்த குளுக்கோஸ் வரும். ஐந்து நிமிடத்துக்குள் குடித்து முடிக்க வேண்டும். முதல் மடக்கிலிருந்து இரண்டு மணி நேரம் எண்ணுவார்கள், அந்த நேரத்தை நீங்களும் குறித்துக்கொள்ளுங்கள். கூட்டம் சேர்ந்த காலையில் பத்திருபது நிமிடம் தள்ளிப்போனாலும் அளவு மாறும். குளிர்ந்த தண்ணீரில் கரைத்தால் குமட்டல் குறையும், மிசியிடம் கேட்கலாம். வாந்தி எடுத்துவிட்டால் மறைக்காதீர்கள், அந்தச் சோதனை செல்லாது, வேறு நாள் வைப்பார்கள். இடையில் சந்தைக்குப் போய் மீன் வாங்கி வருவதும் வேண்டாம், உட்கார்ந்தே இருக்க வேண்டும்.

ரத்தக் குழாயில் ஒரு நுட்பம் இருக்கிறது. எடுத்த ரத்தத்திலும் அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும், அறை வெப்பத்தில் மணிக்கு ஏறக்குறைய 5 முதல் 7 விழுக்காடு குறையும். அதைத் தடுக்கத்தான் ஃபுளோரைடு போட்ட சாம்பல் மூடிக் குழாய். ஆனால் ஃபுளோரைடு முழுதாக வேலை செய்யவே ஒன்றிரண்டு மணி நேரம் பிடிக்கும். மாதிரியை வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்பும் இடங்களில், எல்லையை ஒட்டி நிற்கும் ஒரு 7.7-ஐ வைத்துக்கொண்டு கொண்டாட முடியாது.

கர்ப்பகால இனிப்பு நீர் வந்தவர்கள் தவறவிடுவது பிரசவத்துக்குப் பிந்திய சோதனை. ஆறாவது வாரத்தில் அதே 75 கிராம் மறுபடியும் உண்டு, இம்முறை எல்லை வெறும் வயிற்றில் 7.0, இரண்டு மணி நேரத்தில் 11.1. எச்பிஏ1சி எடுத்துக்கொள்ளலாமே என்றால், பிரசவத்தில் ரத்தம் போன உடம்பில் அது குறைத்துக் காட்டும். கைக்குழந்தையோடு இரண்டு மணி நேரம் சிரமம்தான். மாமியாரையோ அக்காவையோ கூட்டிப் போங்கள், காத்திருக்கும்போதே பால் கொடுக்கலாம், அதனால் சோதனை நிற்காது. அது சரியாக இருந்தாலும் வருடத்துக்கு ஒரு முறை சர்க்கரை பார்க்க வேண்டும். அடுத்த கர்ப்பத்தைப் பதியப் போகும்போது, முந்திய தடவை வந்த விவரத்தை முதலிலேயே சொல்லுங்கள்.