உப்புக் காற்றில் மூன்று வருடம்: பிள்ளைகளோடு போட்ட காய்கறித் தோட்டம்

ராமநாதபுரம் மாவட்டத்தில் உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவில், கடலுக்கு ஒரு கிலோமீட்டருக்குள் எங்கள் வீடு. போன ஆடியோடு தோட்டம் போட்டு மூன்று வருடம் முடிந்துவிட்டது. ஆரம்பித்தபோது மகளுக்கு எட்டு வயது, மகனுக்கு ஐந்து. துளசி மாடத்தைத் தவிர வேறு எதையும் வளர்த்த பழக்கம் எனக்கு இல்லை. கடற்கரையில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு புதிதாகத் தோட்டம் போட நினைப்பவர்களுக்கு எங்கள் அனுபவம் உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

முதல் தடவை போட்டது மொத்தமும் போனது. ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பதை நம்பி, ஆடி மாதம் 12 பைகளில் தக்காளி, பீன்ஸ், கேரட், கத்தரி என்று போட்டோம். விதை நன்றாகத்தான் முளைத்தது. இரண்டாவது வாரத்தில் பீன்ஸ் இலைகளின் ஓரம் தீய்ந்த மாதிரி பழுப்பானது. அப்புறம் தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று. எங்கள் பக்கம் ஆடி முழுக்க மணலை வாரி இறைத்துக்கொண்டே அடிக்கும். தக்காளி நாற்றெல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. நாற்பது நாள் கழித்து மிஞ்சியது இரண்டு கத்தரிச் செடி. மகன் தினமும் காலையில் பைகளைப் போய்ப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் வந்துவிடுவான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பிள்ளைகளின் அப்பத்தா ஒரு நாள் போர்த் தண்ணீரைக் கையில் ஏந்தி நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இந்தத் தண்ணிய ஊத்துனா எதுத்தா பொழைக்கும்? அதோட ஆடிப்பட்டமெல்லாம் ஆத்துப் பாசனக்காரவுகளுக்கு. நமக்கு வானம் பாத்த பூமி. புரட்டாசி பொறந்துதான் வெத.”

அது பிள்ளைகளுக்கும் புரியட்டும் என்று மறுநாள் ஒரு காரியம் செய்தோம். இரண்டு எவர்சில்வர் தட்டு. ஒன்றில் இரண்டு கரண்டி போர்த் தண்ணீர், இன்னொன்றில் குழாயில் வரும் காவிரித் தண்ணீர். மாடியில் வெயிலில் வைத்தோம். மதியம் சாப்பிட்டுவிட்டுப் போய்ப் பார்த்தபோது இரண்டும் காய்ந்திருந்தன. காவிரித் தட்டில் லேசான மங்கல் மட்டும். போர்த் தட்டில் கோலம் போட்ட மாதிரி வெள்ளை வெள்ளையாக வளையம். மகன் விரலால் தேய்த்து நக்கிப் பார்த்துவிட்டு, “அம்மா, உப்பு! இதையா செடிக்குக் குடுத்தோம்?” என்றான். செடி பிழைக்காததற்குத் தான் காரணம் இல்லை என்று அவனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. தண்ணீர் ஆவியாகப் போய்விடும், உப்பு பையிலேயே தங்கிவிடும், நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போகும். இதை நான் வாயால் எத்தனை தடவை சொல்லியிருந்தாலும் அந்தத் தட்டு சொன்ன மாதிரி வந்திருக்காது.

அதற்குப் பிறகு, தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கினோம். சில நூறு ரூபாய்தான். வாங்கிய சாமான்களில் முதல் இடம் இதற்குத்தான் கொடுப்பேன். எங்கள் போர்த் தண்ணீர் லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் காட்டியது. குடிநீருக்கே 500-க்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லை என்றால் 2,000 வரை என்பதுதான் இந்தியத் தர அளவு. எங்கள் மண் மணல். நிலத்துக்கடியில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கும். மோட்டார் போட்டு இழுக்க இழுக்க உப்பு மேலே ஏறி வரும். தனுஷ்கோடிப் பக்கம் மணலில் கையால் ஊற்றுத் தோண்டி நல்ல தண்ணீர் எடுப்பார்களே, அவர்கள் ஆழமாகத் தோண்டாததற்கும் இதுதான் காரணம்.

சரி, தண்ணீருக்கு என்ன செய்தோம்? குடிநீரைச் செடிக்கு ஊற்ற மனசு வரவில்லை. தெருக்குழாயில் குடம் வைத்துக் காத்திருந்து பிடிப்பது அது. அரிசி, பருப்பு களைந்த தண்ணீர், காய்கறி கழுவிய தண்ணீர் எல்லாவற்றையும் ஒரு வாளியில் சேர்க்க ஆரம்பித்தோம். மழைக்கு 200 லிட்டர் நீல டிரம் மூன்று வாங்கி மாடிக் குழாயோடு இணைத்தோம். இங்கே வருடத்துக்கு ஏறக்குறைய 800 மில்லிமீட்டர் மழை. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் பெய்தால் ஒரு லிட்டர் என்று மகளிடம் சொன்னேன். 200 சதுர அடி மாடியில் 20 மில்லிமீட்டர் பெய்தால் 350 லிட்டருக்கு மேல் வரும் என்று அவளே கணக்குப் போட்டாள். அந்த ஐப்பசியில் முதல் மழைக்கு இரண்டு பேரும் நனைந்துகொண்டே டிரம் பக்கத்தில் நின்றார்கள். கோடையில் டிரம் காலியானால் போர்த் தண்ணீரில் பாதிக்குப் பாதி நல்ல தண்ணீர் கலந்து ஊற்றுகிறோம். மழைக்காலத்தில் பைகளை நன்றாக நனையவிட்டு, உப்பு அடித்துளை வழியே கழுவிப் போக விடுகிறோம். டிரம் வாயைக் கொசுவலையால் கட்டாமல் விடவே கூடாது.

தென்னை நார்க்கழிவுக் கட்டியையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். முதல் வருடம் ஊறவைத்து அப்படியே பையில் போட்டது பெரிய தப்பு. அதிலேயே உப்பு இருக்கும். இப்போது மூன்று தடவை நல்ல தண்ணீரில் அலசிப் பிழிந்த பிறகுதான் சேர்க்கிறோம். எங்கள் கலவை: செம்மண் இரண்டு பங்கு, ஆட்டுப் புழுக்கை மக்கியது ஒரு பங்கு, அலசிய நார்க்கழிவு ஒரு பங்கு. கண்மாய் வண்டல் கிடைத்தால் இன்னும் நல்லது.

இரண்டாம் வருடம் புரட்டாசியில் ஆரம்பித்தோம். தோட்டத்தின் தென்மேற்கில் தென்னங்கிடுகு கட்டி மறைப்பு வைத்தோம். பிள்ளைகளுக்கு முதலில் கொடுத்தது கீரை மட்டும்தான். சின்னப் பிள்ளைகளுக்குப் பொறுமை மூன்று வாரம்தான், தக்காளி எழுபது நாள் கேட்கும். தண்டுக்கீரை மூன்றாம் நாள் தலை காட்டும், இருபத்தைந்து நாளில் பறித்துவிடலாம். மகன் விதையை ஒரே இடத்தில் குவித்துக் கொட்டினான். எறும்பு வரிசையாக வந்து பாதியைத் தூக்கிப் போனது. அடுத்த தடவை விதையை மணலோடு கலந்து தூவி, மேலே கொஞ்சம் ரவையும் தூவினோம். எறும்பு ரவையைத் தூக்கிக்கொண்டு கீரை விதையை விட்டுவிட்டது.

ஆளுக்கொரு தெர்மாகோல் பெட்டி என்று பிரித்துக் கொடுத்தது நல்ல முடிவு. அடுத்தவர் பெட்டியில் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பது அவர்களே போட்ட சட்டம். ஊற்றும் முன் விரலை இரண்டு கணு மண்ணுக்குள் விட்டுப் பார்க்க வேண்டும். ஈரம் இருந்தால் ஊற்றக் கூடாது. அளவுக்குத் தேங்காய்ச் சிரட்டை. கடையில் வாங்கிய சிறுவர் தோட்டக் கருவிகள் ஒரு வாரத்தில் உடைந்தன, சிரட்டை மூன்று வருடமாக இருக்கிறது.

மற்ற சாமான்களைப் பற்றி: வளர்ப்புப் பைகள் எங்கள் வெயிலுக்கும் உப்புக் காற்றுக்கும் ஒன்றரை வருடம்தான் தாங்கின. அதன்பின் மீன் ஏற்றுமதிக்கு ஐஸ் போட்டு அனுப்பும் தெர்மாகோல் பெட்டிகளைக் கழுவி, அடியில் துளை போட்டுப் பயன்படுத்தினோம். வேர் சூடாகாது, செடி அருமையாக வரும். ஆனால் ஓரம் உதிர்ந்து வெள்ளைக் குருணை காற்றில் கடல் பக்கம் பறக்கிறது. மீன் பிடித்துப் பிழைக்கும் ஊரில் அதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. இருப்பவற்றைச் சாக்கு சுற்றி வைத்திருக்கிறேன், புதிதாக வாங்குவதில்லை.

பழைய மீன்வலையைப் பீர்க்கங்கொடிக்குப் பந்தலாகக் கட்டியதும் இலவசம்தான். ஒரு நாள் காலை அதில் ஒரு ஓணான் கழுத்தும் முன்கால்களும் சிக்கித் தொங்கியது. மகள் அதன் வயிற்றைத் துணியால் தாங்கிப் பிடித்துக்கொள்ள, நான் நகவெட்டியால் இழை இழையாக வெட்டினேன். கடைசி இழை அறுந்ததும் அது சுவரில் ஏறி நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. அன்றைக்கே வலையைக் கழற்றிவிட்டுத் தடித்த கயிறு கட்டினோம். மெல்லிய வலை வேண்டாம்.

உரத்துக்கு மீன் அமிலம். மீன் தலை, குடல் கழிவுக்குச் சம எடை வெல்லம். முதல் தடவை வெல்லத்தில் சிக்கனம் பிடித்தேன். புழு வைத்து வீடே நாறிவிட்டது. அளவு சரியாக இருந்தால் ஒரு மாதத்தில் பழ வாசனை வரும். லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி போதும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். மீன் விலை ஏறிவிடுவதால் தலையெல்லாம் குழம்புக்கே போய்விடும். அதனால் பங்குனியிலேயே ஒரு பாட்டில் தயார் செய்துகொள்கிறோம்.

எங்களுக்கு நன்றாக வருபவை கத்தரி, வெண்டை, சீனியவரை (கொத்தவரை), கீரை, முண்டு மிளகாய். பீன்ஸும் கேரட்டும் உப்புக்குத் தாங்காதவை, விட்டுவிட்டோம். ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நம் ஊர்க் காய் என்பதால் அந்தச் செடி மீது மகளுக்குத் தனிப் பாசம். மிளகாய் பறித்த கையால் தம்பி தன் கண்ணைத் தேய்த்துவிட்டு ஒரு மணி நேரம் அழுததிலிருந்து, சின்னவர்கள் மிளகாய்ச் செடியைத் தொடுவதென்றால் பெரியவர் ஒருவர் கூட நிற்க வேண்டும் என்று வைத்திருக்கிறோம். மழைக்காலத்தில் முருங்கை மரத்தில் கம்பளிப்பூச்சி அப்பும்போதும் பிள்ளைகளை அந்தப் பக்கம் விடுவதில்லை.

தோட்டம் போட்டால் பிள்ளைகள் காய்கறி சாப்பிடுவார்கள் என்கிறார்கள். எங்கள் வீட்டில் வெண்டைக்காய் பச்சையாகவே காலியாகிறது. நுனியை ஒடித்துப் பார்த்து, ‘டக்’கென்று ஒடிந்தால் வாயில் போட்டுக்கொள்கிறான் மகன். சுரைக்காயை அவனே வளர்த்தும் இன்றுவரை தொடவில்லை.

இப்போது ஆவணி. கச்சான் இன்னும் ஓயவில்லை. பழுத்து மஞ்சளான ஒரு கத்தரிக்காயைப் பிழிந்து விதை எடுத்து, அப்பத்தா சொன்னபடி சாம்பலில் புரட்டி மருந்துப் பாட்டிலில் போட்டு வைத்திருக்கிறாள் மகள். புரட்டாசி முதல் தேதி என்று மேலே எழுதி ஒட்டியிருக்கிறாள். டிரம் மூன்றையும் இந்த ஞாயிற்றுக்கிழமை கழுவ வேண்டும்.